ஜப்பான் ஹோட்டலில் பணம் போடும் முன் குத்தகைப் பத்திரத்தைப் படியுங்கள்

ஜப்பானுக்கு 2024இல் வந்த வெளிநாட்டுப் பயணிகள் 3 கோடியே 68 லட்சம் பேர். 2025இல் அது 4 கோடியையும் தாண்டிவிட்டது. 2030க்குள் 6 கோடி என்று அந்நாட்டு அரசே இலக்கு வைத்திருக்கிறது. இந்த எண்களை முன்னால் வைத்து "ஜப்பான் ஹோட்டலில் முதலீடு செய்யுங்கள்" என்று விற்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். எண்கள் சரிதான். ஆனால் வருகிற கூட்டத்தின் லாபம் கட்டிடச் சொந்தக்காரருக்குப் போகிறதா, ஹோட்டலை நடத்துகிறவருக்குப் போகிறதா என்று அவை சொல்வதில்லை. குத்தகைப் பத்திரம்தான் சொல்லும்.

அங்கே கட்டிடம் ஒருவருடையது, நடத்துவது இன்னொருவர் என்பது மிகச் சாதாரணம். நிலையான வாடகை என்றால் மாதாமாதம் ஒரே தொகை. அறைக் கட்டணம் இரண்டு மடங்கானாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை சொந்தக்காரருக்கு ஒரு யென் கூடுதலாக வராது. மாறும் வாடகை என்றால் அடிப்படைத் தொகையோடு லாபத்தில் ஒரு பங்கு. மூன்றாவது, நடத்துகிறவருக்குக் கட்டணம் மட்டும் கொடுத்துவிட்டு லாப நஷ்டம் முழுவதையும் சொந்தக்காரரே சுமக்கும் நிர்வாக ஒப்பந்தம். சந்தை வளர்ச்சியை நம்பிப் பணம் போடுகிறவர் நிலையான வாடகைக் கட்டிடத்தை வாங்கினால், அவர் வாங்கியது ஏறத்தாழ ஒரு கடன் பத்திரத்தைத்தான். வட்டி ஏறினால் அதன் மதிப்பு இறங்கும். ஜப்பான் மத்திய வங்கி 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டியை, அதாவது பூஜ்ஜியத்துக்கும் கீழான வட்டியை, கைவிட்டது. 2025 ஜனவரிக்குள் 0.5 சதவீதத்துக்கு உயர்த்திவிட்டது.

மாறும் வாடகையில் என்ன நடக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 அறை, சராசரிக் கட்டணம் 15,000 யென், 80 சதவீதம் நிரம்புகிறது. ஆண்டு வருமானம் 43.8 கோடி யென். செலவு போக 40 சதவீதம் மிஞ்சுவதாக வைத்தால் 17.5 கோடி. இப்போது கட்டணம் 20 சதவீதம் இறங்குகிறது. வருமானத்தில் 8.76 கோடி போய்விடும். முன்பதிவு தளங்களுக்கான கமிஷனை 12 சதவீதமாக வைத்தால் செலவில் குறைவது ஒரு கோடி சொச்சம்தான். சம்பளம், மின்சாரம், துணி துவைப்பு எதுவும் குறையாது, ஏனென்றால் அறைகள் அதேபோல நிரம்பித்தான் இருக்கின்றன. லாபம் 9.8 கோடிக்கு வந்துவிடும். கட்டணத்தில் 20 சதவீதச் சரிவு, லாபத்தில் 44 சதவீதச் சரிவு. ஏறும்போதும் இதே வேகம்தான். அதனால்தான் இந்தத் தொழிலில் நல்ல ஆண்டுகளின் கணக்கை மட்டும் காட்டுவது சுலபம். எல்லை மூடியிருந்த 2021இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டினர் மொத்தமே இரண்டரை லட்சத்துக்கும் கீழே. யாராவது முதலீட்டுத் திட்டம் நீட்டினால் 2020, 2021 கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிறு முதலீட்டாளர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: தோக்கியோ பங்குச்சந்தையில் இருக்கும் ஹோட்டல் ரீட்களை (REIT, பலரின் பணத்தைத் திரட்டிக் கட்டிடங்களை வாங்கி வருமானத்தைப் பங்கிடும் நிறுவனங்கள்) தாண்டிப் போக வேண்டாம். ஜப்பான் ஹோட்டல் ரீட், இன்வின்சிபிள், ஹோஷினோ ரிசார்ட்ஸ் ரீட் ஆகியவை ஹோட்டல் பக்கம் சாய்ந்தவை. நிரம்பும் விகிதம், சராசரிக் கட்டணம் போன்ற விவரங்களை மாதாமாதம் வெளியிடுகின்றன. வாடகையில் எவ்வளவு நிலையானது, எவ்வளவு மாறக்கூடியது, நடத்துகிற நிறுவனம் ரீட்டை நிறுவிய குழுமத்துக்கே சொந்தமா என்ற மூன்றையும் அரையாண்டு, ஆண்டு அறிக்கைகளில் தேடிப் படியுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். வாடகை கொடுப்பவரும் கேட்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால், நெருக்கடியில் எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

அதிகம் கவலை தருவது வேறொன்று. "வெந்நீர் ஊற்று ஊரில் 60 அறை ரியோகான், வீட்டு விலைக்கு" என்று சுற்றும் விளம்பரங்கள். ரியோகான் என்பது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி. கினுகாவா ஒன்சென் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் ஆற்றோரம் வரிசையாக இடிந்து நிற்கும் ஹோட்டல்களைப் பார்த்தால் அந்த மலிவு விலைக்குக் காரணம் புரியும். பஸ் பஸ்ஸாக வந்த குழுச் சுற்றுலாவுக்காக ஊதிக் கட்டப்பட்டவை அவை. குழுக்கள் நின்றன. கடன் கொடுத்திருந்த ஆஷிகாகா வங்கியும் 2003இல் நொடித்து அரசு கைக்குப் போனது. அதன் பிறகு இடிக்கக்கூட ஆளில்லை. பெரிய கட்டிடத்தை இடிக்கும் செலவு நிலத்தின் விலையையே தாண்டிவிடும். இடிக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை வேறு கட்டாயம்.

இப்படி ஒன்றை வாங்கியே தீருவேன் என்பவர்கள் முதலில் கட்டிட அனுமதித் தேதியைப் பாருங்கள். 1981 ஜூனுக்கு முந்தையதென்றால் பழைய நிலநடுக்க விதிப்படி கட்டியது. அதிலும் 3 மாடி, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஹோட்டல்களின் நிலநடுக்கப் பரிசோதனை முடிவு அரசால் வெளியிடப்படுகிறது; தரகரிடம் கேட்காமல் அதை நேராக எடுத்துப் படிக்கலாம். அடுத்து, ஊற்று நீரின் உரிமை கட்டிடத்தோடு வருகிறதா, தனி ஒப்பந்தமா? குழாயும் பம்பும் யார் பொறுப்பு? தீயணைப்புத் துறைச் சான்று இன்றைய விதிக்குப் பொருந்துமா? கட்டிடத்தை மட்டும் வாங்கினால் விடுதி உரிமம் கூடவே வராது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஆள் வேண்டும். இரவு உணவு, காலை உணவு, படுக்கை விரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் ரியோகான். ஆள் கிடைக்காமல் பாதி அறைகளைப் பூட்டி வைத்திருக்கும் விடுதிகள் இன்றும் உண்டு.

வீட்டைப் பயணிகளுக்கு நாள்கணக்கில் வாடகைக்கு விடும் மின்பாகு முறையில் ஆண்டுக்கு 180 நாள்தான் அனுமதி. கியோத்தோவின் குடியிருப்புப் பகுதிகளில் ஜனவரி 15 முதல் மார்ச் 15 வரை மட்டுமே, அதாவது கூட்டம் குறைவான குளிர்காலத்தில். விதிகள் தளர்த்தப்பட்ட ஒசாகாவின் சிறப்பு மண்டல மின்பாகுவில் இந்த 180 நாள் வரம்பு இல்லை. ஆனால் 2026 மே மாத இறுதியோடு புதிய விண்ணப்பங்களை நிறுத்த அந்நகரம் முடிவெடுத்தது. ஒரு விதிமாற்றத்தில் வருமானம் பாதியாகும் தொழில் இது.

பயணிகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரே நாட்டுப் பயணிகளை நம்பிய ஹோட்டல்களுக்கு 2025 நல்ல பாடம். நிலநடுக்கம் வரும் என்ற வதந்தியால் அந்தக் கோடையில் ஹாங்காங் பயணிகள் குறைந்தார்கள். ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீன அரசு நவம்பரில் சொன்னதும், டிசம்பரில் சீனப் பயணிகள் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்தார்கள். மொத்த எண்ணிக்கை வளர்ந்துகொண்டே இருந்த ஆண்டு அது என்பதை மறக்க வேண்டாம்.

"ஒரு ஹோட்டல் வாங்கினால் விசா கிடைக்கும்" என்பதும் பொய். சொத்து வாங்குவதால் விசா வராது. தொழில் நடத்துவதற்கான விசாவுக்கு 2025 அக்டோபர் முதல் மூலதனம் 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக உயர்ந்துவிட்டது. முழுநேர ஊழியர் ஒருவரும் வேண்டும்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் முதலீட்டுத் தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரித் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. வாங்கிய பங்கோ சொத்தோ, வருமானம் வராவிட்டாலும், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும்.