மூலையில் இருந்த கேமரா

பதினான்கு வருடமாகக் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிறேன். தாலி கட்டும் படத்தில் வீடியோக்காரரின் தோள்பட்டை வந்துவிட்டால் அழிப்பேன். குளோன் டூலில் பக்கத்துப் பூவையும் ஜரிகையையும் எடுத்து மேலே பரப்பினால் இரண்டு நிமிட வேலை. அதனால்தானோ என்னவோ, நார்சிஸோ கான்ட்ரேராஸ் விஷயம் என்னை இன்னும் விடவில்லை.

மெக்சிகோக்காரர், செய்திப் புகைப்படக்காரர். அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்துக்காகச் சிரியா போரைப் படமெடுத்து, 2013இல் புலிட்சர் பத்திரிகை விருது வாங்கிய குழுவில் ஒருவர். அதே வருடம் செப்டம்பரில் ஒரு படம் எடுத்தார்: துப்பாக்கியோடு ஒரு கிளர்ச்சிப் படைவீரர் பதுங்குகிறார், கீழ் மூலையில் சக செய்தியாளர் ஒருவரின் வீடியோ கேமரா. கண் அங்கே போய்விடும் என்று நினைத்து, பக்கத்துத் தரையை நகலெடுத்து அதை மூடிவிட்டார்.

2014 ஜனவரியில் அவரே உண்மையைச் சொன்னார். ஏபி உறவை முறித்துக்கொண்டது. அவருடைய சுமார் 500 படங்களைச் சோதித்தார்கள். வேறு எதிலும் கைவைத்திருக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பொதுக் காப்பகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒரு மூலைக்காகவா இவ்வளவு? குண்டு விழும் இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரையா? முதலில் நானும் அப்படித்தான் கொதித்தேன். இப்போது இல்லை.

நான் அழிப்பது வீட்டுக்காரர்கள் கேட்டு. மண்டபத்தில் வீடியோக்காரர் நின்றது அவர்களுக்கே தெரியும், யாரும் ஏமாறுவதில்லை. சிரியாவில் அன்று என்ன நடந்தது என்று அறிய எனக்கு இருந்த ஒரே கண் அவருடையது. தவிர, அந்தக் கேமராவும் ஒரு செய்திதான். அந்த வீரரைச் சுற்றிச் செய்தியாளர்கள் இருந்தார்கள், தன்னைப் படம்பிடிப்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அதை எடைபோட வேண்டியது பார்க்கிற நான். கான்ட்ரேராஸ் எனக்காக முடிவெடுத்துவிட்டார்.

'கதை மாறவில்லையே' என்கிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. எதையும் அழிக்காமலே கதையை மாற்றலாம். 1994இல் டைம் பத்திரிகை, கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சனைப் போலீஸ் எடுத்த படத்தை இருட்டாக்கி அட்டையில் போட்டது. வெளிச்சத்தைக் குறைத்ததுதான் பெரிய மாற்றம். வழக்கு நடக்கும் முன்பே ஒரு கறுப்பின மனிதர் குற்றவாளி மாதிரி தெரிந்தார்.

ஏபி அசல் படத்தையும் திருத்திய படத்தையும் சேர்த்தே வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் ஸ்டுடியோவில் நான் தினமும் செய்கிற அதே வேலை. அவரே சொல்லும்வரை அந்த அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை.