‘காஸ்ட் அவே’ உண்மைக் கதை அல்ல

2000-இல் வெளியான ‘காஸ்ட் அவே’ என்ற ஹாலிவுட் படம், விமான விபத்தில் உயிர் தப்பி, ஆளில்லாத் தீவில் நான்கு ஆண்டுகள் தவித்த கூரியர் ஊழியர் ஒருவரின் நிஜ வாழ்க்கை என்று ஒரு செய்தி பரவிவருகிறது. தவறு. அது முழுக்கக் கற்பனை. பசிபிக்கைக் கடக்கும் சரக்கு விமானங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தபோது தோன்றிய எண்ணம் என்று படத்தின் நாயகன் டாம் ஹாங்க்ஸே பேட்டியில் கூறியிருக்கிறார். திரைக்கதையாசிரியர் வில்லியம் பிராய்ல்ஸ் ஜூனியர் அனுபவத்துக்காக மெக்சிகோவின் கடற்கரையில் சில நாள் தனித்திருந்தார். அங்கே கரையொதுங்கிய கைப்பந்துதான் படத்தில் நாயகன் நண்பனாக நினைத்துப் பேசும் ‘வில்சன்’ என்ற பந்து ஆனது. அந்தப் பந்து அலையில் விலகிப் போகையில் எத்தனையோ பேர் அழுதார்கள், நானும் அழுதேன். கதை கற்பனை என்பதால் அந்தக் கண்ணீர் பொய்யாகிவிடாது. இருவரின் பேட்டிகளும் இணையத்தில் உள்ளன. படித்துப் பாருங்கள், இச்செய்தியை மேலும் பகிராதீர்கள்.