பக்கத்து வீட்டுக் குழாயும் எங்கள் மாடி ஜன்னலும்

லண்டனில் எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால், அவர் வீட்டுப் பின்சுவரில் பளபளவென்று ஓர் எஃகுக் குழாய் கூரைக்கு மேல் ஏறி நிற்கிறது. வுட் பர்னர், அதாவது வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் அடுப்பு, போட்டிருக்கிறார்கள்.

சரி, அவர் வீடு, அவர் குளிர் என்று விட்டுவிட்டேன். நவம்பரில் ஊரிலிருந்து அம்மா வந்தாள். மேல்மாடி அறை அவளுக்கு. ஏழு மணிக்கு அவர் அடுப்பைப் பற்றவைப்பார். ஏழே காலுக்கு அம்மாவின் தலையணையில் புகை வாசம். ஜன்னலோரம் காயப்போட்ட புடவையை முகர்ந்து பார்த்து, "ஏண்டா, அவரு பச்சை விறகை எரிக்கிறாரு. மணத்துலயே தெரியலையா?" என்றாள். நாற்பது வருஷம் விறகடுப்பு ஊதியவள் சொல்கிறாள்.

கவுன்சிலுக்குப் போன் செய்தேன். கட்டட அனுமதி தரும் பிளானிங் பிரிவில் பேசியவர் பொறுமையாகவே சொன்னார். இங்கிலாந்தில் தனி வீட்டுக்கும் வரிசை வீட்டுக்கும் புகைக்குழாய் வைக்கப் பெரும்பாலும் விண்ணப்பமே வேண்டாம். கூரையின் உச்சியைத் தாண்டி ஒரு மீட்டர் உயராமல் இருந்தால் போதும். பாரம்பரியப் பகுதியில் தெருவைப் பார்த்த சுவரில் வைப்பதென்றால்தான் அனுமதி கேட்க வேண்டும். அதாவது குழாய் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் பிளானிங்கின் கவலை. சட்டத்துக்குக் கண் உண்டு, மூக்கு கிடையாது.

மூக்குக்கு வேறு விதி இருக்குமே என்று தேடினேன். கட்டட விதிகளில் இருக்கிறது: திறக்கும் ஜன்னல் 2.3 மீட்டருக்குள் இருந்தால், குழாயின் வாய் அந்த ஜன்னலின் மேல்விளிம்பைவிட ஒரு மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியே எட்டி அளந்தேன் (மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்). ஏறக்குறைய 2.6 மீட்டர். முப்பது சென்டிமீட்டரில் விதி எங்களைக் கைவிட்டது. பொருத்தியவர் பதிவு பெற்றவர், சான்றிதழும் கொடுத்துவிட்டார். எல்லாம் சட்டப்படி.

1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த ஊர் இது. அதற்குப் பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டமே வந்தது. இன்றும் லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிதான். குழாயிலிருந்து புகை கிளம்பினால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். ஆனால் புகையை யாராவது பார்த்துப் பதிய வேண்டுமே. ஏழரை மணி இருட்டில் யார் வருவார்?

எனக்கு எரிச்சல் இதுதான். வரிசை வீட்டில் பின்பக்கம் மூன்று மீட்டருக்கு மேல் கூடம் இழுத்துக் கட்டினால், ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு கவுன்சில் கடிதம் போடுகிறது, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிறது. செங்கல் சுவர் யார் மூச்சுக்குள்ளும் போவதில்லை. புகை போகிறது. அதற்கு ஒரு கடிதம் கிடையாது. வேண்டாம் என்று தடுக்கச் சொல்லவில்லை. குழாய் எந்த இடத்தில் ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், இரண்டு அடி தள்ளி வையுங்கள் என்று ஒரு தேநீரோடு பேசி முடித்திருப்போம். நாங்கள் கருவாடு வறுக்கும் நாளில் எல்லா ஜன்னலையும் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, குற்றவாளி மாதிரி நிற்கிறோம். அந்தக் கூச்சத்தில் பாதியாவது குழாய் வைப்பவருக்கு வேண்டாமா?

கடைசியில் நானே போய்க் கதவைத் தட்டினேன். நல்ல மனிதர். தோட்டத்தில் வெட்டிய மரத்தையே எரிக்கிறாராம். கோடையில்தான் வெட்டியதாம். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த அம்மா, "பட்டைகூட உரியல" என்றாள். இங்கே சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சொன்னேன். ஒரு ஈரமானி வாங்கிக் குத்திப் பார்த்திருக்கிறார். 34 காட்டியதாம். இப்போது கடை விறகு. புகை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குழாய் அங்கேயேதான் இருக்கிறது.

இந்த மாதம் நாங்கள் பின்பக்கம் நாலு மீட்டருக்குக் கூடம் கட்ட கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறோம். அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. பதில் சொல்ல 21 நாள் இருக்கிறது.