குடோன் உன்னுது, கமிஷன் உன்னுது, ஷாக் மட்டும் எங்களுதா?

அன்னூர் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கறவனுங்க நான், அதனால இதைப் படிச்சுட்டு "யாவாரம் படுத்த வயித்தெரிச்சல்"னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். வாங்க, வயித்தெரிச்சலும் இருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா சொல்ல வந்தது வேற, ஆன்லைன்ல வித்த சாமான் ஷாக் அடிச்சா வித்துக்குடுத்த கம்பெனிக்குப் பொறுப்பே இல்லையாங்கறது.

மார்கழிக் குளிருக்கு எங்க வீதி அக்கா ஒருத்தங்க ஆன்லைன்ல வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கியிருக்காங்க, ராடு போட்ட இரும்பு பக்கெட்டோட கைப்பிடியே சுருக்குன்னு அடிக்குது தம்பின்னு கடைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. பிளக்கை அறுத்துப் பாத்தா வெளிய மூணு பின் இருக்குது, உள்ள வர்ற வயரு ரெண்டுதான். லீக்காகற கரண்ட மண்ணுக்கு எறக்க வேண்டிய எர்த் பின் சும்மா அழகுக்கு நிக்குது. அட்டையில 1500 வாட்ஸ்னு போட்டிருக்கான், அப்படின்னா ஆறரை ஆம்பியர் இழுக்கும், வயரோ நைட் லேம்ப்புக்குப் போடற சைஸு. ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் பளபளன்னு அச்சடிச்சிருக்கு, அதுகூட இருக்க வேண்டிய லைசென்ஸ் நம்பரக் காணோம். "ஏனுங் தம்பி, நாலு ஸ்டாருக்கு மேல போட்டிருந்தாங்களே"ன்னு கேக்கறாங்க. ஸ்டார் போட்டவன் எவனும் பிளக்கை அறுத்துப் பாக்கலீங்கக்கா.

கம்ப்ளைன்ட் பண்ணுனா அந்த ஆன்லைன் கம்பெனி (பேரு வேண்டாம்) சொன்ன பதில், நாங்க வாங்கறவங்களுக்கும் விக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கறவங்க, எங்க சைட்டுல சாமானப் போட்டு வித்த செல்லரக் கேளுங்க. செல்லர் போனை எடுக்கவே இல்ல.

இந்த ராடுக்கெல்லாம் ஐஎஸ்ஐ கட்டாயம்னு 2003லயே ஆர்டர் போட்டாச்சு. அதே ராடை நான் கடை வாசல்ல தொங்கவிட்டா ஐஎஸ்ஐ முத்திரைக்கு லைசென்ஸ் குடுக்கற பிஐஎஸ்காரங்க வந்து அள்ளிட்டுப் போகலாம், 2016 பிஐஎஸ் சட்டப்படி மொதத் தடவைக்கே ரெண்டு லட்சத்துக்குக் கொறையாத அபராதம், இல்லாட்டி ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு. நான் செஞ்சது இல்லீங்க, யாரோ செஞ்சது, நான் நடுவுலன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க.

நாங்க வெறும் சந்தைதான்ங்கறாங்க. புளியம்பட்டி சந்தையில சுங்கம் வசூல் பண்ற குத்தகைக்காரர் தக்காளிய வாங்கித் தன் குடோன்ல அடுக்கி வெக்கறாரா, தன் பேரு போட்ட டப்பாவுல கட்டறாரா, காசைத் தான் வாங்கி கமிஷன் போக மிச்சத்த விவசாயிக்கு ஒரு வாரம் கழிச்சுத் தர்றாரா? இவங்க இத்தனையும் பண்றாங்க, தேடுனா எந்த ராடு மொதல்ல வரணும்ங்கறதும் இவங்க முடிவு, ஷாக் அடிச்சா மட்டும் நடுவுல நிக்கறாங்களாமா.

இது நான் மட்டும் பொலம்பறது இல்ல. 2022 ஆகஸ்ட்டுல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தரக்கட்டுப்பாட்டு ஆர்டருக்கு ஒத்துவராத பிரஷர் குக்கர் 2,265 வித்துட்டீங்க, அத்தனையும் திரும்ப வாங்கிக் காசைக் குடுங்கன்னு அமேசானுக்கு உத்தரவு போட்டு ஒரு லட்சம் அபராதமும் போட்டுச்சு. அந்த குக்கருக வித்ததுல அவங்க எடுத்த கமிஷன் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல! அபராதம் கட்டியும் லாபம்ங்க. அதுக்கும் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனாங்க. ஃபிளிப்கார்ட்டுக்கும் அதே மாதிரி 598 குக்கருக்கு உத்தரவு வந்துச்சு.

அமெரிக்காவுல 2024 ஜூலையில, அடுத்தவன் சாமானா இருந்தாலும் உன் குடோன்ல வெச்சு நீ அனுப்புனா நீதான் டிஸ்ட்ரிபியூட்டர், வித்ததத் திரும்ப வாங்கற (ரீகால்) பொறுப்பு உன்னுதுன்னு அவங்க பொருள் பாதுகாப்பு கமிஷன் அமேசானுக்குச் சொல்லிருச்சு, அந்தக் கேஸ்ல தண்ணில விழுந்தா ஷாக் அடிக்கற ஹேர் ட்ரையரும் இருந்துச்சு. அதையும் எதிர்த்துக் கேஸு நடத்தறாங்க, அது கெடக்கட்டும்.

நம்ம சட்டத்துலயும் பாதி வழி இருக்குது. 2019 நுகர்வோர் சட்டத்துல 86வது பிரிவு, தயாரிச்சவன் யாருன்னே தெரியலைன்னா, இல்ல அவனுக்கு நோட்டீஸ் குடுக்கவே முடியலைன்னா, வித்தவன் பொறுப்புங்குது. ஆனா 2020 இ-காமர்ஸ் விதியில, நடுவுல நிக்கறவனுக்குப் பொறுப்பில்லைங்கற ஐடி சட்டம் 79வது பிரிவோட பாதுகாப்பு, அதோட நிபந்தனைய ஒழுங்காக் கடைப்பிடிச்சா இந்தக் கம்பெனிகளுக்கும் உண்டுன்னும் வெச்சிருக்காங்க. அடுத்தவன் போடற மெசேஜுக்கு நெட் கம்பெனிய உள்ள தள்ளாம இருக்க வந்த பிரிவுங்க அது. அதைக் கொண்டாந்து கரண்டு சாமானுக்குக் குடை புடிக்கறது எந்த ஊரு நாயம்னு எனக்குப் புரியல.

திருப்பூர் பனியன், கரூர் பெட்ஷீட், சென்னிமலைப் போர்வைன்னு நம்ம சனமும் இதுல வித்துத்தான் பொழைக்குது, பொறுப்பக் கட்டுனா கம்பெனி அந்தப் பேப்பர் இந்தப் பேப்பர்னு சின்ன ஆளுகளத்தான் நசுக்கும்னு மச்சான் ஒருத்தர் சண்டைக்கு வந்தாரு. அதுல விசயம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா பனியன் சாயம் போனா உசுரு போகாது. ஐஎஸ்ஐ கட்டாயமான சாமானுகளுக்கு மட்டும் பண்ணட்டும், ராடு, குக்கர், ஹெல்மெட், கொழந்தைக வெளாட்டுச் சாமான். லைசென்ஸ் நம்பர் சரியான்னு பிஐஎஸ் கேர் ஆப்புல நம்மளே போன்ல பாக்கறோம், அத்தனை கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்க லிஸ்டிங் போடறதுக்கு முன்னால பாக்க முடியாதுங்களா? நம்பர் இல்லையா, ஏத்தாத. ஏத்தி வித்து அடிபட்டுச்சா, நீ குடு.

யாருக்காச்சும் இந்த மாதிரி ஆயிருந்தா அட்டைப்பெட்டி, பில், லேபிள் எதையும் குப்பைல போட்றாதீங்க, சாமானைத் திருப்பி அனுப்பறதுக்கு முன்னால நாலு போட்டோ எடுத்துக்கங்க. நுகர்வோர் உதவி நம்பர் 1915க்குப் போன் பண்ணுங்க. நீங்க குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், சாமானுக்குக் குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கெடையாது, ஆன்லைன்லயும் போடலாம். போடறப்ப செல்லர் பேரோட நிறுத்திறாம கம்பெனி பேரையும் எதிர்த்தரப்புல சேத்துருங்க.