காரில் ஏறும் முன் தண்ணீர் குடிக்காதே

கோடை வந்தால் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்கு வாடிக்கை. அந்த வெயிலில் காரில் வெளியூர் கிளம்புகிற நம் வீட்டுப் பெண்கள், தொண்டை காய்ந்தாலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் வழியில் எங்கே போவது? எங்கள் அம்மாயிக்குச் சர்க்கரை இருக்கிறது. அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி போகவும் வேண்டியிருக்கும். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமலே வருகிறார். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

காங்கேயத்திலிருந்து தாராபுரம், உடுமலை, அப்புறம் சின்னாறு வழியாகக் கேரளத்து மறையூர். எவ்வளவு அருமையான பாதை! மலை மறைவில் கிடக்கும் வறண்ட சீமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை. வழிநெடுகக் காற்றாலைகள், வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வெள்வேல மர நிழலில் காங்கேயம் மாடுகள். ஆம்பளைகள் வண்டியை ஓரங்கட்டி, வேலிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள். நாங்கள்? கொறங்காட்டைச் சுற்றி இருப்பது கிளுவை வேலி. கோடையில் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நிற்கும். அந்தப் பக்கம் மேய்கிற மாட்டின் கொம்பு வரை தெரியும். அங்கே சேலையோடு எங்கே போய் உட்காருவது?

பெட்ரோல் பங்க் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. இந்த வழியில் ஒரு பங்க்கில் டேங்க் நிறைய டீசல் போட்டுவிட்டுக் கேட்டேன். "சாவி ஓனர்கிட்ட இருக்குதுங்க்கா, அவரு ஊருக்குப் போயிருக்காருங்க்கா" என்றான் பையன். கதவில் 'பெண்கள்' என்று புதுப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. பூட்டின் மேல் சிலந்தி வலை. பையனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவன் சம்பளத்துக்கு நிற்பவன். அந்த ஓனர் வீட்டில் பெண்களே இல்லையா?

பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறையில் காசு வாங்க ஆள் உண்டு, குழாயில் தண்ணீர் கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதவிலக்கு நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

உடுமலை தாண்டினால் இன்னும் மோசம். ஒன்பதாறு என்கிற வனத்துறை செக்போஸ்ட்டுக்கு அப்புறம் புலிகள் காப்பகம். வழியில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. யானை நடமாடும் காடு, அந்தக் கட்டுப்பாடு சரிதான். ஆனால் காட்டுக்குள் நுழையும் முன் ஊருக்குள் எங்களுக்கு ஒரு நல்ல இடம் வேண்டாமா? பள்ளத்தாக்கையும் தூரத்தில் விழுகிற தூவானம் அருவியையும் எல்லோரும் ஜன்னல் வழியே பார்க்கிறார்கள். அம்மாயி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்.

இப்படி அடக்கி அடக்கி நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், "தண்ணி நிறையக் குடிங்கம்மா" என்கிறார்கள்!

பங்க்கில் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தாக வேண்டும். பூட்டின கதவைப் போட்டோ எடுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். வண்டி ஓட்டுகிற ஆண்களே, டீசல் மூடியைத் திறக்கும் முன்னால் லேடீஸ் டாய்லெட் திறந்திருக்கிறதா என்று நீங்கள் கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த பங்க்குக்கு வண்டியை விடுங்கள்.