சாமி கண்ணைக் குத்துமா?

சின்ன வயதில் சமையலறை டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தைத் திருடினேன். "யார்டா எடுத்தது? பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்திரும்" என்றார் பாட்டி. நான் எடுக்கவில்லை என்று சாதித்துவிட்டு இரண்டு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டே திரிந்தேன். மூன்றாம் நாள் காலையிலும் கண் நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கே இரண்டாவது துண்டையும் எடுத்துவிட்டேன்.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. போன வாரம் பெரியப்பா, "சாமி பயம் இல்லாதவனை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். நாத்திகனான என் தம்பி உடனே உண்டியல், ஊழல் என்று ஆரம்பிக்க, நடுவில் யாரோ பூங்கொத்துப் படம் போட்டுப் பேச்சை மாற்றினார்கள். நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

பெரியப்பாவுக்கு முதலில் ஒன்று. நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் அமைச்சர்கள் பதவி ஏற்க இரண்டு வழி உண்டு. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது 'உளமார' உறுதி கூறலாம். தமிழ்நாட்டில் இரண்டு வகையையும் வேண்டிய அளவு பார்த்தாயிற்று. கைசுத்தத்தில் எந்த அணி முன்னால் என்று கேட்டால் நான் எழுந்து ஓடிவிடுவேன்.

சரி, பயத்தை விடுவோம். சாமி சொன்னதைச் செய்வதுதான் அறம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்தால் எனக்குச் சிறுத்தொண்டர் கதைதான் நினைவுக்கு வரும். சிவபெருமானே பைரவ அடியார் வேடத்தில் வந்து பிள்ளைக்கறி கேட்கிறார். ஐந்து வயதுப் பிள்ளையாக இருக்க வேண்டும், ஒரே பிள்ளையாக இருக்க வேண்டும், தாய் பிடிக்கத் தந்தை அரிய வேண்டும், இருவரும் மனம் உவந்து செய்ய வேண்டும். சிறுத்தொண்டரும் மனைவியும் அப்படியே செய்கிறார்கள். எங்கள் பாட்டி தீவிர சிவபக்தை. பெரியபுராணச் சொற்பொழிவுக்கு ஒரு நாள் தவறமாட்டார். இந்தக் கதை வரும் நாளில் மட்டும் "தலை வலிக்குது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். கேட்டால், "அது பெரியவங்க விஷயம்" என்பார். அவ்வளவுதான்.

அந்தத் தலைவலியைப் பற்றி ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கேட்டது சிவபெருமான். ஆனாலும் இது கூடாது என்று பாட்டிக்குள் ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. அது வேதம் படித்து வந்ததில்லை, பிள்ளை பெற்று வளர்த்ததில் வந்தது. கதையின் முடிவையும் பாருங்கள். அடியார் சொன்னபடி சிறுத்தொண்டர் வாசலில் நின்று மகனைக் கூப்பிடுகிறார். சீராளன் பள்ளியிலிருந்து ஓடிவருபவனைப் போல ஓடிவருகிறான். பைபிளில் கடவுள் சொன்னதற்காக மகனைப் பலியிடப் போன ஆபிரகாமின் கதையிலும் கடைசி நேரத்தில் ஆட்டுக்கடா வந்துவிடுகிறது. பிள்ளையைச் சாகவிட்டுக் கதையை முடிக்க, சொன்னவர்களுக்கே மனசு வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பக்தர்கள் என்னைத் திட்டலாம்.

தெய்வம் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் தெய்வம் அதை விரும்புகிறதா? ஏதென்ஸில் சாக்ரடீஸ் கேட்டதாக பிளேட்டோ எழுதிவைத்த இந்தக் கேள்வியை 2,400 வருடங்களாக உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி ஒரு தலைவலியில் பதில் சொல்லிவிட்டார்.

அப்புறம், புண்ணியக் கணக்கு. இங்கே கொடுத்தால் அங்கே கிடைக்கும் என்ற கணக்கைப் புறநானூற்றிலேயே கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடும் புலவர் முடமோசியார், 'இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம் எனும் அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார். அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி! எவ்வளவு மரியாதையான வசவு. ஆய் ஏன் கொடுத்தான் என்றால், சான்றோர் போன வழி அது, அதனால் கொடுத்தான். வள்ளுவர் இன்னும் சுருக்கமாக, மேலுலகமே இல்லை என்றாலும் ஈதலே நன்று என்று முடித்துவிட்டார். சாமி இல்லாவிட்டால் அறம் கவிழ்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதையெல்லாம் படிக்காதவர்கள் இல்லை. மேடையில் மேற்கோள் காட்டுகிறவர்களே அவர்கள்தான்.

இதோடு நிறுத்தினால் தம்பி கைதட்டுவான். ஆனால் அவனிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

கல்லூரி முடித்த வருடம் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் அரசு மருத்துவமனை வாசலில் சாப்பாடு கொடுப்பது என்று முடிவு செய்தோம். மதம் கிடையாது, பேனர் கிடையாது, மனிதநேயம் மட்டும்தான். ஏழாவது ஞாயிறு நானும் இன்னொருவனும் மட்டும் போய் நின்றோம். எட்டாவது ஞாயிறு நானும் போகவில்லை. யாரும் கெட்டவர்களாகிவிடவில்லை. ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்கு வேலை, எனக்குத் தூக்கம்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பை அணையவிடாமல் இன்றுவரை எரியவைத்து, சாதி மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். எங்கள் மனிதநேயம் எட்டு வாரம் தாங்கவில்லை. சின்ன வயதில் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றிருக்கிறேன். ரம்ஜான் மாதம் முழுக்க ஒரு நாள்கூட, "இன்னைக்கு ஆள் வரல, கஞ்சி இல்ல" என்று திருப்பி அனுப்பியதில்லை. நல்ல மனசு எல்லோருக்கும் அவ்வப்போது வரும். அதற்கு ஒரு நாள் குறித்து, ஒரு இடம் கொடுத்து, மனசு வராத நாளிலும் ஆளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்புவதில் மதத்துக்கு இருக்கும் சாமர்த்தியம் எங்கள் பத்துப் பேரிடம் இல்லை. தம்பியின் தோழர்களிடமும் நான் அதிகம் பார்த்ததில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வள்ளலாரும் ஜீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோல் என்றுதானே சொன்னார், அவரும் அறவிலை வணிகரா என்று தம்பி மடக்குவான். அவர் செய்த வரிசையைப் பார் என்பேன். தருமச்சாலை 1867இல். ஜோதி வழிபாட்டுக்கான ஞானசபை 1872இல். ஐந்து வருடம் அடுப்பு எரிந்த பிறகுதான் சபை.

இந்தப் பழக்கத்தின் பலத்திலேயே ஆபத்தும் இருக்கிறது. சோறு போடச் சொன்னாலும் தவறாமல் செய்வார்கள், ஆளை வெளியே நிறுத்தச் சொன்னாலும் தவறாமல் செய்வார்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தடுத்தவர்கள் பக்தர்கள். 1939 ஜூலை 8 அன்று அதே மக்களில் சிலரை உள்ளே அழைத்துப்போன காந்தியவாதி வைத்தியநாத அய்யரும் பக்தர். அம்மன் ஒன்றுதான், சந்நிதி ஒன்றுதான். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவர் எங்கிருந்து எடுத்தார்? பாட்டிக்குத் தலைவலி வந்த இடத்திலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா அடுத்த மாதம் காசிக்குப் போகிறார். வீட்டுச் சாவி எப்போதும் போல எதிர்வீட்டு மளிகைக்காரரிடம்தான் இருக்கும். இருபது வருடப் பழக்கம். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், கும்பிடுகிறாரா என்றுகூட பெரியப்பாவுக்குத் தெரியாது.