நாங்கள் யாரையும் தள்ளிவிட்டு வரவில்லை

போன ஞாயிறு, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு மண்டபத்தில் பெரியவர் ஐயா ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னது இதற்குள் எல்லாருடைய வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். "கனடாவில வளந்த பிள்ளையள் தாய் தேப்பனைக் கொண்டுபோய் ஹோமில தள்ளிப்போட்டு வருகினம்." கைதட்டு வேறு. அந்தியேட்டிச் சாப்பாட்டில் கைதட்டு!

சரி, கோபப்படாமல் எழுதுகிறேன். நாங்கள் யாரையும் தள்ளவில்லை.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறதி நோய் வேறு. வைத்தியம் முடிந்தது, கட்டிலை விடுங்கள் என்றார்கள். 2022-இல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் வந்த சட்டம் ஐயாவுக்குத் தெரியுமா? அவர்கள் காட்டும் முதியோர் பராமரிப்பு இல்லம் 70 கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். மறுத்துவிட்டு அங்கேயே கிடந்தால் நாளுக்கு 400 டொலர். நாங்கள் இருக்கும் ஸ்காபரோவுக்குள் ஓர் இடம் கிடைக்க நானும் தம்பியும் கெஞ்சாத ஆள் இல்லை.

"வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாமே?" பார்த்தோம், பதினாலு மாதம். மாசி மாதப் பனியில் வெறுங்காலோடு தெருவில் நின்றவரைத் தூக்கி வந்தோம். "வேலையை விட்டிருக்கலாமே?" இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. வீட்டுக் கடனை ஐயா கட்டுவாராக்கும்.

கடமை தெரியாத பிள்ளைகளாம். எட்டு வயதில் டொக்டர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். கர்ப்பப்பை என்ற சொல் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. "வயித்துக்குள்ள ஒரு பையாம், அதை எடுக்கவேணுமாம்" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அதுசரி, ஐயாவும் தாயை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்தானே? தள்ளிவிட்டு வந்தார் என்று யாராவது சொன்னோமா? யுத்தம், பிள்ளை தப்பினால் போதும் என்றோம். என் அம்மாவும் அப்படி வந்தவர்தான். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அம்மம்மா பக்கத்துத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் செத்துப்போனார். செய்தி வர மூன்று கிழமை. அம்மா குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டு அழுதார். விடிய வேலைக்குப் போனார்.

இப்போது அவர் என்னைத்தான் "அம்மா" என்று கூப்பிடுகிறார். "உங்களை விட்டிட்டு வந்திட்டன் அம்மா, கோவிக்காதேங்கோ" என்று என் கையைப் பிடிக்கிறார். "பரவாயில்லை பிள்ளை" என்கிறேன். வேறென்ன சொல்ல?

கைதட்டியவர்கள் ஒருநாள் வாருங்கள். வருகிறவர்கள் பெயர் எழுத வாசலில் ஒரு கொப்பி இருக்கிறது. அம்மாவின் அறை எண்ணுக்கு நேரே இதுவரை இரண்டு பேருடைய கையெழுத்துத்தான்.